மூன்று படி உறவு

குருபோங் ஊர்த் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர் அவர். ஒல்லியான உடம்பு, ஞாயிற்றுக்கிழமையிலும் சீருடைச் சட்டை. எங்கள் கோயில் கமிட்டிக்காகத் ரப்பர் தோட்டத்துக் குடும்ப உறவுகளையெல்லாம் பதிந்து, எந்த இரண்டு பேருக்கும் இடையே மிகக் குறுகிய உறவு வழியைக் காட்டும் பெர்ல் மொழிப் புரோகிராம் ஒன்று எழுதியிருந்தார். பெண் எடுக்கும் முன் அவரிடம்தான் முறை பார்ப்பார்கள்.

என் நிச்சயத்துக்கு முந்தின வாரம், அப்பாவும் பெண்ணின் அப்பாவும் நானும் போனோம். எண்டரைத் தட்டுமுன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பது அவர் வழக்கம். அன்று தட்டிய பிறகும் துடைத்தார்.

"மூணே படிண்ணே. மாப்பிள்ளை, நீங்க, உங்க தம்பி, அவர் மக. தங்கச்சி முறை வருது."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு ஏது தம்பி?" என்றார் அப்பா.

பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் கமிட்டி பாரத்துல அப்படி எழுதிட்டேன் லா. முப்பது வருசம் பக்கத்து நிரையில பால்மரம் வெட்டுனோம். அண்ணன்னுதானே கூப்பிட்டேன்."

"ரத்த சொந்தம் இல்லேன்னா அந்த வரிய எடுத்துடறேன். சொல்லுங்க."

பெண்ணின் அப்பா தலை நிமிரவில்லை. கடைசியில் அப்பாதான், "எடுத்துடு தம்பி," என்றார்.

மறுபடி ஓட்டினார். சொந்தமே இல்லை என்று வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது என்னை மட்டும் அழைத்துத் திரையைக் காட்டினார். அந்த வரி அங்கேயே இருந்தது. அதன் முன்னால் ஒரு # குறி.

"அழிக்கல. இந்தக் குறி இருந்தா புரோகிராம் படிக்காது. நாம படிக்கலாம்."

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்றேன்.

"கல்யாணம் முடியட்டும்," என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.