பதினாறு வயதும் என் பட்டிமன்றத் தீர்ப்பும்

பள்ளிக்கூடத்தில் அரசியல் அறிவியல் எடுப்பவர்களுக்கு ஒரு ராசி உண்டு: ஊர்வலமோ, உறுதிமொழியோ, பட்டிமன்றமோ, எது வந்தாலும் தலைமையாசிரியருக்கு முதலில் ஞாபகம் வருவது நம் முகம்தான். என்னோடு சேர்ந்து இந்தத் தொழிலில் குப்பை கொட்டுபவர்களே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆரணிக்கு மாற்றலாகி வந்த வருஷம் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

நடுவர் பதவி

"பதினாறு வயதில் வாக்குரிமை: வேண்டுமா, வேண்டாமா?" என்பது தலைப்பு. பேசுவது பிளஸ் ஒன் பிள்ளைகள். நடுவர் நான். செய்தி காதில் விழுந்த உடனேயே ஆசிரியர் அறையில் எழுந்து நின்று, சின்னப் பிள்ளைகள் கையில் ஓட்டைக் கொடுத்தால் நாடு என்ன ஆகும் என்று மூச்சு விடாமல் முழங்கினேன். மணி அடித்தது. யாரும் நகரவில்லை, நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "நடுவர்னா நடுவுல நிக்கணும்ங்க டீச்சர், வழியில நிக்கக் கூடாது."

ரீசார்ஜ்

பயிற்சிக்காக வகுப்பில் பேசவிட்டேன். டில்லிபாபு என்றொரு பையன். பாடத்தில் சுமார், கேள்வியில் கெட்டிக்காரன். அவனிடம், "வரி கட்டுறவங்கதான்டா அரசாங்கத்தைக் கேள்வி கேக்கணும். நீ என்ன கட்டுற?" என்று மடக்கினேன். மடக்கிவிட்ட திருப்தியில் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

அவன் எழுந்து நின்று பணிவாகச் சொன்னான்: "போனுக்கு ரீசார்ஜ் பண்ணா எனக்கும் ஜிஎஸ்டி புடிக்கிறாங்க மிஸ், அப்போ மட்டும் யாரும் வயசு கேக்கல."

வீட்டு வாக்குச்சாவடி

அந்தத் தோல்வியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். சாப்பிடும்போது அவளிடம் என் கட்சியை எடுத்து வைத்தேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொந்த யோசனை கிடையாது, பக்கத்தில் இருப்பவர் யாரைச் சொல்கிறாரோ அவருக்கே போடுவார்கள் என்றேன். என் கணவரும் பலமாகத் தலையாட்டினார்.

மகள் ரசத்தைப் பிசைந்தபடி தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "போன எலெக்‌ஷன்ல பூத்து வாசல்ல நின்னுகினு, 'ஏங்க, நம்ம சின்னம் எதுங்க'ன்னு அப்பாவக் கேட்டது யாரும்மா?"

கணவர் மறுபடி தலையாட்டினார். அவர் எந்தக் கட்சி என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

எழுதிக் கொடுத்த பேச்சு

'வேண்டும்' அணியில் ஓர் ஆள் குறைந்தது. கோமதியைச் சேர்த்தேன். தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். பாவம், தானாக எங்கே பேசப்போகிறாள் என்று இரண்டு பக்கத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். எதுகை மோனையெல்லாம் கொட்டி எழுதிய பேச்சு, சும்மா இல்லை.

பட்டிமன்றத்தன்று மைக் முன்னால் வந்தவள் என் தாளை நாலாக மடித்தாள். "நான் வேணும்னு பேசணும். ஆனா எனக்கு வேணாம்" என்று ஆரம்பித்தாள். கூட்டம் சிரித்தது. அவள் காத்திருந்து, அதே குரலில் சொன்னாள்: "ஓட்டுக்கு வயசைப் பதினாறுன்னு எறக்கினா, அப்புறம் கல்யாணத்துக்கும் எறக்கிடுவாங்க. எங்க வூட்ல இப்பவே மாப்ள பாத்துகினு இருக்காங்க. அந்தப் பதினெட்ட சொல்லித்தான் நான் ஸ்கூலுக்கு வந்துகினு இருக்கேன்."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. நான் தீர்ப்புக்காக எழுந்தேன். "நேரமாகிவிட்டது, தேசிய கீதம்" என்று அறிவித்தேன்.

மேடையை விட்டு இறங்கும்போது கோமதி என் காதருகே வந்து மன்னிப்புக் கேட்டாள்: "கோச்சிக்காதீங்க மிஸ், நீங்க எழுதினது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல நான் இல்ல."

தேவிகாபுரம் பஸ்

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியே தீருவது என்று மறுநாள் சாயங்காலம் தேவிகாபுரம் பஸ் ஏறினேன். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், தண்டனை, பெண் கல்வி என்று வழியெல்லாம் ஒத்திகை. பக்கத்து சீட்டு அம்மா பயந்து இடம் மாறி உட்கார்ந்தார்.

கோமதியின் அப்பா பட்டு நெய்பவர். தறியை நிறுத்திவிட்டு வந்து எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை, நின்றபடியே ஆரம்பித்தேன். அவர் இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான் முடிச்சிடறேன்" என்று கையைக் காட்டினேன். கோமதியின் அம்மா கொண்டுவந்த காபி ஆடை கட்டியது. கண்ணில் தண்ணீர் கோத்து, ஒருவழியாக முடித்தேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "ஒரு வாரமா பொண்ணு தறியாண்ட நின்னுகினு இதத்தான் பேசிப் பாத்துச்சுங்க டீச்சரம்மா. கேட்டுக் கேட்டு அவங்கம்மாதான் மொதல்ல 'இந்த சம்பந்தம் வேணாம், அது படிக்கட்டும்'னுச்சு. மாப்ள வூட்டுக்கு நேத்து ராத்திரியே ஆள் அனுப்பிட்டோம். நீங்க உக்காந்து காபியக் குடிங்க, கடைசி பஸ் போயிடப் போவுது."

இப்போது கோமதி பிளஸ் டூ படிக்கிறாள். அந்தப் பட்டிமன்றத்துக்கு நான் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.