மாற்றுக்கு நின்றவள்

பலெர்மோவில் வீட்டுவேலை செய்யும் எங்கள் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி ஊருக்குப் போனால், அவள் திரும்பும்வரை இன்னொருத்தி அந்த வீட்டில் மாற்றுக்கு நிற்பாள். அப்படி நிற்பவள் வேலையைக் கொஞ்சம் குறைத்தே செய்யவேண்டும். சூப்பில் உப்புக் கூடலாம், மூலையில் தூசி கிடக்கலாம். பழைய ஆள் எப்போது வருவாள் என்று வீட்டுக்காரர் ஏங்கவேண்டும், அவ்வளவுதான்.

2004இல், சமாதான காலத்தில், நான் ஒரு மாதம் மன்னாருக்குப் போனேன். மகளுக்குப் பதினெட்டு வயதாக ஏழு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு அவளை இத்தாலிக்குக் கூப்பிட முடியாது. அவளுடைய பாஸ்போர்ட்டையும் பிறப்புப் பத்திரத்தையும் சரிசெய்யத்தான் போனேன். இங்கே விண்ணப்பிக்க என் வேலை ஒப்பந்தம் வேண்டும். லிபெர்த்தா தெருவில் நான் பராமரித்த வயதான சின்யோரா அம்மாவின் மகன்தான் அதில் கையெழுத்திட்டிருந்தார்.

ஸ்தாசியோனே, ரயில் நிலையப் பக்கம் என்னோடு அறையைப் பகிர்ந்திருந்த, யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணை மாற்றுக்கு விட்டேன். சாவியைக் கொடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா?

"மனிசி பாவம், பல்லும் இல்லை. நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ தங்கச்சி" என்றேன்.

"ஓம் அக்கா" என்றாள்.

வழக்கத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் இதைச் சொல்லித் தொலைத்தேன். கிழவி மேல் எனக்கு இரக்கமாம் இரக்கம்!

நான் சொன்னபடியே அவள் செய்திருந்தாள். உருளைக்கிழங்கை முட்டையோடு மசித்து ஊட்டி, தலைவாரி, தினமும் பால்கனிவரை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறாள். நான் திரும்பிவந்தபோது கிழவி அவள் கையைப் பிடித்தபடி, இது யார் என்று என்னைக் காட்டிக் கேட்டாள். மூன்று வருடம் குளிப்பாட்டிய என்னை. மகன் மரியாதையாகத்தான் பேசினார். அம்மா இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார், ஆளை மாற்றப் பயமாக இருக்கிறது, மன்னிக்கவேண்டும் என்றார்.

அறைக்கு வந்து அவள் அழுதாள். "நீங்கள் சொன்னதைத்தானே அக்கா செய்தனான். எனக்கும் ஊரில ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்கு."

திட்டுவதற்கு என்ன இருக்கிறது? வியா மக்வேதா கடைத்தெருவில் கடை கடையாக ஏறி, வீட்டுவேலை இருக்கிறதா என்று விசாரித்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மணிநேர வேலைகள் கிடைத்தன. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. "அம்மா, நான் எப்ப வாறது?" என்று ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் மகள் கேட்டாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றேன். பிறந்தநாள் வந்துபோனது. அதன்பின் அவள் கேட்கவில்லை. சண்டையும் திரும்பத் தொடங்கிவிட்டது. நான் பெற்ற பிள்ளையை என் வாயாலேயே அங்கே விட்டுவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

2006இல் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில், மாற்றுக்கு நின்றவளைக் கண்டேன். பக்கத்தில் அவளுடைய மகள். ஊரிலிருந்து வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது, குளிருக்குத் தாயின் சால்வையைப் போர்த்தியிருந்தாள்.

"அன்ரிக்கு வணக்கம் சொல்லு. இவதான் எனக்கு வேலை எடுத்துத் தந்தவ."

பிள்ளை கைகூப்பியது. எத்தனை வயது என்று கேட்டேன்.

பதினேழு என்றது.