சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவர்

சித்தாண்டி முருகன் கோயிலில் மதியப் பூசை மணி ஓயும் நேரத்தில் சேதி வந்தது. டவுனிலிருந்து எல்மோவின் உதவியாள் வினோஜன் போனில் அழுதான். "அக்கா, எல்மோ அண்ணன் போயிட்டார். நித்திரையிலயாம்."

நிவாரண அலுவலகத்து மேசையில் இராசாத்தி போனை வைத்தாள். வெளியே மாரி மழை. சுவரில் ரூட்டரின் பச்சை விளக்குகள் மினுங்கின. டவுனிலிருந்து சொற்கள் வாவிக்கு மேலால் மிதந்துவந்து அந்தப் பெட்டிக்குள் இறங்குகின்றன என்று எல்மோ சொல்லியிருந்தார். அவை ஈரமாக வருவதாகவே அவளுக்குத் தோன்றும்.

எல்மோ போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர், நெட்வொர்க் எஞ்சினியர். சுனாமியன்று டச்பார் கடற்கரை வீட்டில் மனைவி பிலிஸைக் கடல் கொண்டுபோனது. அவர் கொழும்பில் சோதனை எழுதி வாங்கிய சான்றிதழ் மட்டும் சட்டத்தோடு வேலியில் தொங்கிக் கிடந்தது. அதன்பின் அவருக்கு வேலைதான் எல்லாம். அதில் தனக்குப் பிழை வராது என்று நம்பினார். எங்கே இணைப்பு அறுந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்க எதப் புடுங்கினீங்க?"

வன்னியில் யுத்தம் முடிந்த வாரமும் போனில் அப்படித்தான் கேட்டார். வவுனியா முகாம்களில் இருந்த உறவுகளோடு பேசச் சனம் வாசலில் காத்திருக்க, இணைப்புச் செத்துப்போனது.

"நான் தொடவேயில்ல சேர்," என்றாள் இராசாத்தி. அவர் நம்பவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேலதிகாரி அவளுக்குச் சொல்லிவிட்டார்.

எல்மோ மோட்டார்சைக்கிளில் வந்து, மடிக்கணினியை ரூட்டரில் கொளுவினார். திரையில் வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். காலையில் டவுனில் இருந்தபடியே ரூட்டரின் அமைப்பில் அவர் மாற்றிய ஒரு வரி, அங்கிருந்து வரும் எல்லாவற்றையும், அவரையும் சேர்த்து, வெளியே நிறுத்தியிருந்தது.

கரண்ட் விட்டுவிட்டு வந்ததால் பழுதானது என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? அவர் அந்த வரியை அழித்துவிட்டு, சனத்துக்கு முன்னாலேயே மேலதிகாரிக்குப் போன் எடுத்தார்.

"புள்ளையில பிழையில்ல. சாவிய உள்ளுக்கு வெச்சுக் கதவப் பூட்டினது நான்தான்."

வரிசையில் நின்ற அன்னப்பூரணி மாமி வாய்விட்டுக் கேட்டாள்: "படிச்ச ஆக்களும் பூட்டுவாங்களா மனே?"

"படிச்ச ஆக்கள்தான் மாமி பூட்டுற."

சனம் சிரித்தது. அந்த வாசலில் பல நாளாகக் கேட்காத சிரிப்பு.

இராசாத்தியின் வேலை தப்பியது. அதன்பிறகு எங்கே இணைப்பு அறுந்தாலும், "நான் என்ன செஞ்சன்?" என்று எல்மோ முதலில் தன்னையே கேட்டுக்கொள்வார். "அண்ணன் பாதிரியார் இல்லாமலே பாவசங்கீர்த்தனம் பண்ணுறார்," என்று வினோஜன் பகிடி பண்ணுவான்.

இனி யாரும் அவளைக் குற்றம் சொல்லக்கூடாது என்று, பிழை எந்தப் பக்கம் என்று காட்டும் சின்ன விளக்கொன்றை அவள் மேசையில் வைக்க, போன வெள்ளிக்கிழமை கூரைவழியே வயர் இழுத்துவந்தார். மழை இருட்டிக்கொண்டு வரவே, "திங்கள் வாறன் புள்ள," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வயரின் நுனிக்கு இன்னும் பிளக் அடிக்கவில்லை.