அமாவாசைக்குப் போகலாம்

ஆரணியில் ஜரிகைக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஸ்வர்ணலதா டீச்சருக்கு ஒரு பேர் உண்டு. பணத்தைப் பற்றி இங்கிலீஷ்காரன் எதைச் சொல்லி வைத்திருந்தாலும் நம் ஊர்ப் பேச்சில் அதற்கு ஒரு ஜோடி பிடித்துவிடுவாள். ஒரு பொருளுக்குக் கையும் காலும் விலை என்று அவன் சொன்னால், நாம் யானை விலை குதிரை விலை என்கிறோம். பணம் மரத்தில் காய்க்காது என்பதற்கு அர்த்தமே வேண்டாம். அதைச் சொல்லாத அப்பன் எந்தத் தேசத்தில் இருக்கிறான்?

'பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்' வந்தால் வகுப்பே சிரிக்கும். சில்லறையில் கெட்டிக்காரன், பெருந்தொகையில் ஏமாளி. கடுகு போன இடம் ஆராய்வான், பூசணிக்காய் போன இடம் தெரியாது. பஸ் காசை மிச்சம் பிடிக்க தேவிகாபுரத்திலிருந்து நடந்தே வந்து, செருப்பு அறுந்து, புதுச் செருப்பு வாங்கியவன் கதையை அதற்கு உதாரணம் சொல்வாள்.

அவள் புருஷன் கந்தசாமி பட்டு நெசவாளி. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறியை விட்டு எழுந்தால் ஒன்றும் கிடையாது. அமாவாசையன்று மட்டும் தறி ஓடாது. அதனால் பல் பிடுங்குவதிலிருந்து பெண் பார்ப்பதுவரை அந்தத் தெருவுக்கு எல்லாமே அமாவாசைதான். போன வைகாசியில் அவனுக்கு நெஞ்சைப் பிசைந்தது, இடது கை மரத்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று அவள் கூப்பிட்டாள்.

"அமாவாசைக்குப் போலாம். அன்னிக்கு எப்டியும் தறி சும்மாதான கெடக்கும்?" என்றான்.

அவளும் கணக்குப் போட்டாள். அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவளுக்கும் சம்பளப் பிடித்தம் இல்லை. ஊருக்கே அர்த்தம் சொல்லும் மகராசி, சரி என்றாள். அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை பகலில் அவன் தறிமேலேயே சாய்ந்தான். அமாவாசையன்று தறிகள் ஓய்ந்திருக்க, பாதித் தெரு அவள் வீட்டில் உட்கார்ந்து துக்கம் விசாரித்தது. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம், அவன்மேல் பாதி, தன்மேல் பாதி.

சில மாதம் கழித்து அதே பாடம் வந்தது. அர்த்தத்தைச் சொன்னாள், செருப்புக் கதை வாயில் வரவில்லை. நெசவுக்காரர் மகள் காவ்யா முன்பெஞ்சிலிருந்து உதாரணம் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு நெஞ்சு வலிக்கு அமாவாசைக்குப் போலாம்னாரு. நானும் சரின்னேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. காவ்யா பேனாவைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பாவும் அதத்தான் மிஸ் சொல்லிகினு இருக்காரு. ராத்திரியெல்லாம் நெஞ்ச புடிச்சிகினு உக்காந்துகினு இருக்காரு."

ஸ்வர்ணலதா சாக்பீஸை வைத்தாள். காவ்யாவைப் பையை எடுக்கச் சொல்லிவிட்டுத் தானும் செருப்பை மாட்டிக்கொண்டாள். பாதி வகுப்பில் போனால் சம்பளம் பிடிப்பார்கள் என்று யாரோ பின்னாலிருந்து நினைவுபடுத்தினார்கள். பிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.