யார், யாரை, எங்கே

எனக்கு வாய் அதிகம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. கல்யாணமானதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள். கரையைத் தனியாக நெய்து உடலோடு கோர்க்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். நடு உடலுக்கு அவர் ஊடை நூல் சுற்றிய நாடாவை எறிவார், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நான் எறிவேன். கோபம் வந்தால் எழுந்து போய்விட முடியாது. ஒருத்தர் எழுந்தால் வேலை நின்றுவிடும். அதனால் எங்கள் சண்டையெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே, கை பாட்டுக்குக் கை வேலை செய்ய, முகத்தைப் பார்க்காமல் நடக்கும். பிள்ளையார்பாளையத்தில் பாதி வீடு இப்படித்தான். சோற்றுக்கு எழுந்திருக்கும்போது சண்டை தீர்ந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் தேய்க்கப் போனவர் குழாயடியில் சரிந்தார். மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது என்றார்கள். பிழைத்துக்கொண்டார். வலது கை தொங்கிப்போனது, கால் இழுத்தது. அதெல்லாம் போகட்டும் என்று விட்டேன். பேச்சுதான் என்னைக் கொன்றது. அடியோடு போயிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அரைகுறையாகப் போயிருந்தது. "தண்ணி" என்பார். தண்ணீர் வேண்டுமா, தண்ணீர் சுடுகிறதா, மேலே தொட்டி நிரம்பி வழிகிறதா? தெரியாது. "மாடி" என்பார். மாடிக்கு என்ன? நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன், இல்லை இல்லை என்று தலையை ஆட்டுவார், கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரிந்தது. ஒன்றும் ஒன்றும் சேர்த்துச் சொல்ல மட்டும் வரவில்லை.

முதல் சில மாதங்களில்தான் பேச்சு வேகமாகத் திரும்பும், அப்புறம் மெதுவாகத்தான் வரும் என்று டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை வரும்போதும், ஐயோ இன்னொரு வாரம் போய்விட்டதே என்று விரல் விட்டு எண்ணுவேன்.

ஏனாத்தூர் பக்கம் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனேன். சின்னப் பெண்தான், பொறுமைசாலி. ஒரு பலகையில் மேலே ஒரு வேலையை எழுதுவாள். 'கட்டு' என்று எழுதினால் கீழே கட்டம் கட்டமாகப் போட்டு, யார் கட்டுவது, எதைக் கட்டுவது, எங்கே என்று கேட்பாள். அவர் வாழ்க்கையில் நடப்பதையே சொல்ல வேண்டும்.

"செய்யற வேலையைப் புடிச்சுட்டா மத்த வார்த்தைங்க அது கூடவே வரும்மா. நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. ஐயாவே கட்டணும். ஒரு தடவ சொல்லிட்டாருன்னா விடாதீங்க, நாக்குல படியற வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்ல வைங்க" என்றாள்.

நானும் ஒரு பலகை வாங்கினேன். காலையும் மாலையும் அவர் எதிரில் உட்கார்ந்தேன். 'கட்டு' என்று எழுதினால் "பூ" என்பார். யார் கட்டுகிறார்கள்? "பூ." எங்கே? "பூ." எனக்கு அழுகை முட்டும். அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வருவேன்.

ஒரு சாயந்தரம் வேண்டுமென்றே டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "சக்கரை" என்றார்.

"சக்கரைக்கு இன்னா? போடணுமா, போட்டது அதிகமா? சொல்லுய்யா."

டம்ளரைத் தள்ளிவிட்டார். "உனக்கு அறிவு இருக்குதா?" என்றார்.

தேன் மாதிரி இறங்கியது. பழைய குரல், பழைய அதிகாரம், ஒரு தடங்கல் இல்லை. சிந்திய டீயில் உட்கார்ந்துகொண்டு நான் சிரிக்கிறேன், அழுகிறேன், இன்னொரு தடவை திட்டு, இன்னொரு தடவை திட்டு என்று கெஞ்சுகிறேன். அவர் திருதிருவென்று விழிக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. "அது வாய்ப் பழக்கம்மா. கோவத்துல தானா வந்துடும். ஒண்ணு ரெண்டு எண்ணறது, சாமி பேர் சொல்றது மாதிரி. அவரா யோசிச்சுக் கட்டறதுதான் பேச்சு" என்றாள். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். இந்த மாடு சண்டை போட்டால் கறக்கும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். சண்டை போட எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

அவருக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். திருப்புட்குழியில் இருக்கிற அவர் அக்காவை இழுத்தேன். எனக்கும் அவளுக்கும் என்றைக்குமே ஆகாது. வாரம் ஒரு தடவை பஸ் பிடித்து வருவாள், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக் கொடுப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள், போய்விடுவாள். "ஊமைக்கோட்டான் மாதிரி வந்து குந்திக்கினு போவுது உங்க அக்கா" என்றேன். "வாய மூடு" என்றார். சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "யாரு மூடணும்? எதுக்கு மூடணும்? கட்டிச் சொல்லு" என்று விரட்டினேன். "போடி." "யாரு போணும்? எங்க போணும்?" அதற்கு மேல் வராது. நரம்பு புடைக்கும், உதடு துடிக்கும், வராது. நான் இன்னும் ஒரு பிடி உப்பு வைத்துத் தேய்ப்பேன்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா வாசலில் நின்று, "ஏம்மா, அந்த மனுசன இப்டி பாடா படுத்தற? நல்லாவா இருக்குது?" என்று கேட்டாள். உன் வேலையைப் பாரம்மா என்று சொல்லிவிட்டேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அவள் புருஷன் உள்ளேயிருந்து கத்தினால் அவளுக்குப் புரிகிறது. என் வயிற்றெரிச்சல் அவளுக்கு எப்படித் தெரியும்?

பிறகு திட்டுவதும் நின்றுபோனது. எதைச் சொன்னாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்காவை ஏசினேன், செத்துப்போன அவர் அப்பாவை ஏசினேன், கடைசியில் என்னையே ஏசிக்கொண்டேன். ஒன்றும் இல்லை. நான் பலகையோடு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். இருந்த "போடி"யையும் நானே துடைத்துப் போட்டுவிட்டேனோ என்று பயந்துபோனேன். அம்மன் கோயிலில் போய் நின்றேன். இனிமேல் சண்டை போட மாட்டேன், ஒரே ஒரு வாக்கியம் கொடு தாயே, என்னைப் பார்த்து அவராகச் சொல்கிற ஒரு வாக்கியம், என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் சத்தம் போடாமல் பலகையை வைத்தேன். 'கூட்டிப் போ' என்று எழுதி, கீழே யார், யாரை, எங்கே என்று கட்டம் போட்டேன். கோயிலுக்குக் கூட்டிப் போ என்று சொல்வார் என்று ஒரு நப்பாசை. அவர் ரொம்ப நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு இடது உள்ளங்கையால் மேலே நான் எழுதியதை அழித்தார். போச்சு, இன்றைக்கும் இவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் கட்டங்களை அழிக்கவில்லை. முதல் கட்டத்தில் விரலை வைத்தார்.

"நீ" என்றார்.

 விரல் 'யாரை' கட்டத்துக்கு நகர்ந்தது.

"என்ன."

மூன்றாவது கட்டம். நெற்றியெல்லாம் வியர்வை. "அக்கா... அக்கா ஊட்ல."

அழித்த இடத்துக்கு விரல் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவரே தேட வேண்டும். எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். தேடினார், தேடினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"உட்டுடு."

பிறகு என் முகத்தைப் பார்த்து, விரலை எடுத்துவிட்டு, முழுசாகச் சொன்னார். "நீ என்ன அக்கா ஊட்ல உட்டுடு."

பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.  அங்கே யாரும் அவரை எதுவும் கேட்க மாட்டார்கள். சாத்துக்குடி உரித்துக் கொடுப்பார்கள்.

அதற்கடுத்த நாள் பயிற்சி. போனதும் அந்தப் பெண்ணிடம், "பேசிட்டாரும்மா, அவரா கட்டினாரு" என்றேன். அவள் எழுந்தே நின்றுவிட்டாள். சொல்லுங்க ஐயா, சொல்லுங்க என்றாள். அவர் சொன்னார். அவள் விரல் விட்டு யார், யாரை, எங்கே என்று சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. "சூப்பர் ஐயா, இன்னொரு தடவ" என்றாள். அது அவள் வழக்கம், நாக்கில் படியும் வரை சொல்ல வைப்பது. அவர் இன்னொரு தடவை சொன்னார், இன்னும் தெளிவாக. அதற்கு மேல்தான் அவள் என் முகத்தைப் பார்த்தாள். தட்டப்போன கை அப்படியே நின்றது. பரவாயில்லை, சொல்ல வை தாயே என்று நான்தான் சொன்னேன். அவர் திரும்பவும் சொன்னார். நான் கை தட்டினேன். 

வெளியில் வந்து ஆட்டோவை நிறுத்தினோம். அவரை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எங்கம்மா போவணும்?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். பிள்ளையார்பாளையம் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. இவர் சொல்லட்டும் என்று இருந்தேன்.

"திருப்புட்குழி" என்றார்.

ஆட்டோக்காரர் திரும்பிக்கூடக் கேட்கவில்லை. முதல் தடவையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.