எட்டு மீதி வந்த எண்

நான் கணக்கு டீச்சர். எட்டு ஆகாத எண் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வண்டி நம்பரைக் கூட்டிப் பார்த்து, எட்டு வருகிறதென்று வேறு நம்பருக்கு அலைகிறவர்களோடு தஞ்சாவூரில் நான் போடாத சண்டையில்லை.

அன்றைக்கு என் தங்கையே அதைச் சொன்னாள். திருக்காட்டுப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவள். நடவு, களை, இரண்டு பிள்ளைகள், இதற்கு நடுவே அரசு வேலைத் தேர்வுக்குப் படித்து இரண்டு முறை தோற்றிருந்தாள். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வு மையத்து வாசலில் நின்றிருந்தோம். கேட்டை மூட அரைமணி நேரம்கூட இல்லை. ஹால் டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் போகலக்கா. நம்பரைக் கூட்டுனா எட்டு வருது" என்றாள்.

204117092. கூட்டினேன். இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு.

"அடி பைத்தியம், எந்த நம்பரையும் இப்படிக் கூட்டிக்கிட்டே போனா, ஒன்பதால வகுத்தா என்ன மீதியோ அதுதான் வரும். இந்த இருபது கோடிச் சொச்சத்தை வகுத்தா மீதி எட்டு. அவ்வளவுதான். அடுத்த நம்பருக்கு மீதியே இல்ல, கூட்டுனா ஒன்பது. அதுக்கு அடுத்ததுக்கு ஒண்ணு. வரிசையா ஒன்பது பேரு உக்காந்தா ஒருத்தருக்கு எட்டு வந்தே தீரும். உன் ரூம்ல பதினெட்டு பேருன்னா ரெண்டு பேருக்கு எட்டு. அத்தனை பேரும் தோத்துருவாங்களா?"

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "கணக்கு எனக்கும் புரியுதுக்கா. எழுதாம போனா, எட்டு வந்துச்சு, அதான் வந்துட்டேன்னு வீட்ல சொல்லிக்கலாம். எழுதித் தோத்தா, இவ மண்டையில ஒண்ணுமில்லன்னு மாமியார் சொல்லுவாங்க. அவங்க சொன்னாக்கூடப் பரவால்ல. நானும் நம்பிருவேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. விடியுமுன் எழுந்து, உலை கொதிக்கும் நேரத்தில் படித்தவளை, வாய்ப்பாடு ஒப்பிக்காத பிள்ளையைப் போல வாசலில் நிறுத்தி அதட்டியிருக்கிறேன்.

"நீ போய் எழுது" என்றேன். "தேறினா உன் படிப்பு. தோத்தா எட்டு. உன் மாமியார்கிட்ட நானே வந்து சொல்றேன்."

"நீயா?"

"நான்தான். போ, கேட்டை மூடிறப் போறாங்க."

லேசாகச் சிரித்துக்கொண்டே ஹால் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

முடிவு வந்தது. கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. மறுநாளே திருக்காட்டுப்பள்ளிக்கு பஸ் ஏறினேன். அவள் மாமியார் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நம்பர் எட்டா அமைஞ்சு போச்சு அத்தை. அவ என்ன செய்வா?" என்றேன். இப்படி ஒரு தப்புக் கணக்கை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"டீச்சரு நீங்களே சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். "பாவம், கொஞ்சமாவா படிச்சா."

இரண்டு முறை தோற்றபோதும் அழாத என் தங்கை, அடுப்படியில் நின்று அழுதாள்.