வட்டி ஏறிய வருஷத்தில் வீட்டுக் கடன் மேசை

வீட்டுக் கடன் விற்கிறவனுக்கு ஊரில் இரண்டு பெயர்: கையெழுத்துக்கு முன்னால் ‘சார்’, வட்டி ஏறிய பிறகு ‘அந்தாளு’.

தஞ்சாவூரில் ஒரு தனியார் வீட்டுக் கடன் கம்பெனியில் எனக்கு வேலை. வட்டி மளமளவென்று ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், கடைசி வரை மாறாத ‘பிக்ஸட்’ வட்டியா, ஏறி இறங்கும் ‘புளோட்டிங்’ வட்டியா என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், என்னைப் போன்ற ஒருவனைத் திட்டியிருப்பீர்கள். தப்பில்லை. நானும் இதே கம்பெனியில் கடன் வாங்கி வீடு கட்டியவன்தான். ஊழியர் என்பதற்காக வட்டியில் சலுகை கிடையாது. வருஷத்துக்கு ஒரு காலண்டர் தருவார்கள்.

ஆடி போகட்டும்

திருவையாறு பக்கத்து விவசாயி ஒருவருக்குக் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. வந்து கையெழுத்துப் போட்டால் பணம். ஆடி பிறந்துவிட்டது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் போடுகிறேன் என்றார். “தாராளமா, அவசரமே இல்ல” என்றேன் பெரிய மனுஷன் மாதிரி. எனக்கும் ஆடியில் புதுக் காரியம் ஆகாது. வட்டிக்கும் ஆகாது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஆவணியில் பழத்தட்டோடு குடும்பமே வந்தது. அதற்குள் வட்டி ஏறியிருந்தது. பழைய வட்டிக்குக் கொடுக்க முடியாது என்பதை வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை. “ஆடின்னா ஊரே தள்ளுபடி குடுக்குது. உங்க கம்பெனி மட்டும் ஆடியில ஏத்துதே சார்?” என்றார்.

கடலுக்கு லீவு

பூம்புகார் பக்கம் மீன் விற்கும் அம்மா ஒருவர் வீடு கட்டக் கடன் கேட்டிருந்தார். இடத்தைப் பார்க்கப் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு போனேன். நாலடி நடப்பதற்குள் பாதி மணல் ஷூவுக்குள். ஒற்றைக் காலில் நின்று அதைக் கொட்டிக்கொண்டே, “பிக்ஸட் எடுத்துக்கங்கம்மா. மாசாமாசம் ஒரே தொகை, நிம்மதியாத் தூங்கலாம்” என்று உபதேசம் செய்தேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு போகாதே, அந்த மாசங்களில் தவணைக்கு எங்கே போவது என்று கேட்டார். தடைக்காலமானாலும் தவணை உண்டு, தவறினால் அபராதமும் உண்டு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கடலுக்கே ரெண்டு மாசம் லீவு விடுறாங்க. உங்க வட்டிக்கு லீவே கெடையாதா தம்பி?”

என்னைப் பாருங்கள்

எல்லாரும் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “நீங்க எதுல எடுத்திருக்கீங்க சார்?” ஒரு வாத்தியாரும் கேட்டார். “புளோட்டிங்தான். வட்டி எத்தனை தடவை ஏறினாலும் என் தவணை ஒரு பைசா மாறல பாருங்க” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று அவர் எழுந்து போனார்.

பக்கத்து மேசை மாலதி மேடத்துக்குச் சந்தேகம் வந்து என் கணக்கைத் திறந்தார். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டாவிட்டால், கடனின் காலம் நீளும். இதை நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு விளக்குகிறவன் நான். என் கணக்குக்கு மட்டும் அது பொருந்தாது என்று எப்படி நம்பினேனோ! நான் ஓய்வுபெறும் மாசத்தோடு முடிய வேண்டிய கடன் அதைத் தாண்டி வருஷக்கணக்கில் நீண்டிருந்தது. எங்கள் வேலையில் பென்ஷன் கிடையாது. மேடம் ஆறுதலாகத்தான் சொன்னார்: “உங்களுக்கு வழியனுப்பு விழாவே வேணாம் சார். அப்புறமும் மாசாமாசம் பணம் கட்ட வரத்தானே போறீங்க?”

இரண்டு வழி

கிரகப்பிரவேசத்தன்று மனைவி சுமதியிடம், ரிட்டையர் ஆகும் அன்றைக்கு வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தேன். மேடம் கணக்கைத் திறந்த அன்று சாயங்காலம் அவள் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். இப்போதே தவணையைக் கூட்டினால் பத்திரம் சொன்ன நாளில் வரும்; ஆனால் மாடியில் அவள் ஆசைப்பட்ட தையல் அறை கிடையாது. கூட்டாவிட்டால் அறை வரும். சம்பளம் நின்ற பிறகும் தவணை நிற்காது. இத்தனையும் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

அவள் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு, தைத்த துணியை மடித்து வைத்தாள். அறை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். “ரூம் கெடக்கட்டும், தவணையக் கூட்டிடுங்க. ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, இந்த லோன் விஷயம் நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேட்டுக்கங்க” என்றாள்.

ஆகவே மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மகாஜனங்களே, இந்தப் பக்கம் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும், தன் கணக்கைத் தவிர.